மார்பில் வைத்த பையை எடுக்கவும் வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதை எழுதின. ஏழைப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று ஒரு பக்கமும், காசு உள்ளவளுக்கு மட்டும்தானா என்று மறுபக்கமும் வாதம் நடந்தது. எங்களுக்கு இரண்டாவது பக்கத்தோடுதான் உடன்பாடு. ஆனால் அந்த இரைச்சலில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. மார்பில் வைத்த சிலிகான் பையை ஒருநாள் எடுக்க வேண்டி வந்தால் அந்தப் பெண் எங்கே போய் நிற்பாள்?

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டிலும் மார்பகச் சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்க்கிற செவிலியர்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். அரசு செய்ய வேண்டியது சில இருக்கின்றன. அதைவிட முன்னதாக, இம்ப்ளான்ட் (மார்பில் வைக்கும் அந்தப் பை) வைத்திருக்கிற பெண்களும் அவர்கள் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் செய்தி, இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வருகிற பொருள் அல்ல. அழகுக்காக வைத்துக்கொள்கிறவர்களில் 100க்கு 20 பேர் வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. வைக்கும்போதே இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். வைத்திருப்பவர்கள் எல்லாரும் அழகுக்காக வைத்தவர்களும் அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு மார்பை எடுத்த பிறகு மறுசீரமைப்புக்காக வைத்தவர்கள் உண்டு. திருநங்கையர் உண்டு. பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போனதற்காக வைத்தவர்களும் உண்டு. ஓ.பி.யில் சீட்டு எழுதும் இடத்தில் இந்த வேறுபாடெல்லாம் எடுபடுவதில்லை. 'எங்கே வெச்சீங்களோ அங்கேயே போங்கம்மா' என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. வைத்த கிளினிக் மூடியிருக்கும், அல்லது வைத்த டாக்டர் வெளிநாடு போயிருப்பார். கையிலிருந்த காகிதம் வீடு மாறும்போது தொலைந்திருக்கும்.

அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்குவோம். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியோடும் ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்று நோயாளியின் அட்டையில் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயர், மாடல், லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டுவது), சீரியல் எண், அளவு சி.சி. கணக்கில், எல்லாம் அதில் இருக்கும். உள்ளே இருப்பது சிலிகான் ஜெல்லா உப்புநீரா, மேற்புறம் வழுவழுப்பா சொரசொரப்பா, வைத்தது தசைக்கு மேலா கீழா என்பதும் தெரிந்தாக வேண்டும். கடைசி விவரம் அட்டையில் இருக்காது. ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை டாக்டர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த 3 ஆண்டையும் பையின் ஆயுளையும் சேர்த்துப் பாருங்கள். பை உடம்புக்குள் 10, 15 ஆண்டுகள் இருக்கப்போகிறது. அதைப் பற்றிய ஃபைலுக்கு விதி தரும் ஆயுளோ 3 ஆண்டு. சிக்கல் வந்த பிறகு போய்க் கேட்டால் 'பழைய ரெக்கார்டு இல்லை' என்பார்கள், அது அந்த விதிப்படி தப்பாகவும் இருக்காது. ஆகவே ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள்கூட இந்த மாதமே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு, ஆவணங்களை எடுத்துவிடுவது நல்லது. வாங்கியதை போனில் படம் எடுத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். சில வகைகளில் பையின் பின்பக்கத்தில் கம்பெனியின் குறியும் அளவும் பதிந்திருக்கும். எடுக்கும்போது அதைப் படம் பிடித்து கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொன்னால் போதும்.

அடுத்து, எதற்காக எடுப்பது? எந்தத் தொந்தரவும் இல்லாமல் பயத்துக்காக மட்டும் எடுக்க வேண்டும் என்று பெரிய அமைப்புகள் பொதுவாகச் சொல்வதில்லை. 2019 ஜூலை 24 அன்று அலர்கன் கம்பெனி தன்னுடைய பயோசெல் என்ற சொரசொரப்பு மேற்புற இம்ப்ளான்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அப்போதுகூட, அறிகுறி இல்லாதவர்கள் எடுக்கத் தேவையில்லை என்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது. அதே சமயம், 'எனக்கு இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று ஒரு பெண் முடிவு செய்தால் அது அவளுடைய உரிமை. அதற்கு நோய் இருப்பதாக நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யார் செலவு என்பது தனிக் கேள்வி, அதற்குப் பிறகு வருவோம்.

எடுக்க வைக்கிற காரணங்களில் அடிக்கடி பார்ப்பது இறுக்கம். எந்த வெளிப்பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்பு உறையைக் கட்டும். அது இயல்பு. அந்த உறை சுருங்கி இறுகும்போதுதான் மார்பு கல்லாகிறது, மேலே ஏறுகிறது, வலிக்கிறது. பேக்கர் என்ற அளவுகோலில் இதை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். ஒன்றில் மெத்தென்று இருக்கும். இரண்டில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, பார்வைக்குத் தெரியாது. மூன்றில் பார்த்தாலே வடிவம் கெட்டிருக்கும். நான்கில் அதோடு வலியும் சேரும். மூன்றும் நான்கும் ஆபரேஷனுக்கு உரியவை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கிய பக்கத்தில் இது கூடுதலாக வரும். உங்கள் நிலை எத்தனை என்று டாக்டர் எழுத்தில் போட வேண்டும். 'மார்பில் வலி' என்று மட்டும் எழுதிய சீட்டு எந்த மேசையிலும் நகராது.

இரண்டாவது, கிழிதல். உப்புநீர்ப் பை கிழிந்தால் சில நாளில் ஒரு பக்கம் சப்பையாகிவிடும், கண்ணாலேயே தெரியும். தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சிலிகான் ஜெல் பை அப்படியல்ல. கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் தழும்பு உறைக்குள்ளேயே நிற்கும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, வலியும் இருக்காது. அதனால்தான் வைத்த 5, 6 ஆண்டுகளில் முதல் தடவையும், பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒரு தடவையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்கச் சொல்கிறார்கள். ஸ்டான்லியில் 2018இல் தொடங்கிய கணக்கை வைத்துப் பார்த்தால், அந்த முதல் ஆண்டுப் பயனாளிகளுக்கு முதல் சோதனையின் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. எழுதும்போது சின்ன விஷயங்கள் நிறையத் தவறுகின்றன. மார்பகத்துக்கென்று தனி 'காயில்' (படம் பிடிக்கும் பாகம்) உள்ள மெஷினில், குப்புறப் படுக்க வைத்து எடுக்க வேண்டும். மார்புக்கூட்டை எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. இதற்கு உதவாது. கிழிந்ததா என்று மட்டும் பார்க்க கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் கட்டியை எடுத்துக்காட்டும் மருந்து) தேவையில்லை. கட்டி இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால்தான் தேவை. சீட்டில் 'இம்ப்ளான்ட் கிழிந்துள்ளதா' என்ற கேள்வி எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கான படவரிசையே வேறு. பை உள்ளே கிழிந்திருந்தால் அதன் சுவர் மடிந்து, பாயசத்தில் மிதக்கும் சேமியா போல ஜெல்லுக்குள் வளைவு வளைவாகத் தெரியும். மார்பை எடுத்த பிறகு தோலை விரிக்க டிஷ்யூ எக்ஸ்பாண்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: பலவற்றில் ஊசி போடும் இடத்தில் காந்தம் இருக்கும். அதோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக் கூடாது. சொன்னால்தான் அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

எம்.ஆர்.ஐ.க்கு வசதியில்லாத ஊரில் அல்ட்ராசவுண்டிலேயே தொடங்கலாம். அக்குளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே கசிந்த சிலிகான் அங்குள்ள நிணநீர் முடிச்சுகளில் போய்த் தங்கும். மேமோகிராம் எடுக்கப் போகும்போது டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பையைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கும் கூடுதல் படங்கள் வேண்டும், வழக்கமான 4 படத்துக்குப் பதில் 8 படம். சொல்லாமல் அழுத்தினால் பழைய பை கிழியலாம் என்பதோடு, அது மறைக்கிற இடத்தில் உள்ள கட்டியும் தப்பிவிடும்.

மூன்றாவது காரணம் அரிது, ஆனால் தவறவே விடக் கூடாதது. வைத்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டு கழித்து, ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். பல சமயம் அது சாதாரண நீராகவே இருக்கும். சிலருக்கு அது இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் ஒருவகை லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் முதல் அடையாளம். பெரும்பாலும் சொரசொரப்பு வகையோடுதான் இது வருகிறது. 2019இல் அந்தத் திரும்பப் பெறுதல் நடந்தபோது உலக அளவில் 573 பேரிடம் பதிவாகியிருந்தது, 33 பேர் இறந்திருந்தார்கள். சீக்கிரம் பிடித்தால், பையையும் உறையையும் முழுசாக எடுப்பதோடு பலருக்கும் குணமாகிவிடுகிற நோய் இது.

இங்கே நடக்கிற தப்பைச் சொல்லியாக வேண்டும். வீங்கியதும் ஊசி போட்டு நீரை உறிஞ்சி, கிருமி இருக்கிறதா என்று கல்ச்சருக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுகிறார்கள். ஆன்டிபயாட்டிக் எழுதி அனுப்புகிறார்கள். மறுபடி வீங்குகிறது, மறுபடி உறிஞ்சுகிறார்கள். ஒவ்வொரு தடவை உறிஞ்சும்போதும் அடுத்து ஊறும் நீரில் நோய்ச் செல்களின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும். முதல் தடவை எடுக்கும் நீர்தான் பொன்னானது. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, பையில் ஊசி படாமல், எவ்வளவு வருமோ அவ்வளவையும் எடுக்க வேண்டும். குறைந்தது 50 மில்லி கிடைத்தால் நல்லது. அதைப் புதிதாகவே, ஃபார்மலின் ஊற்றாமல், சுத்தமான பாட்டிலில் செல்களை ஆராயும் சைட்டாலஜிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் அனுப்ப வேண்டும். கல்ச்சருக்குத் தனி பாட்டில். லேப் சீட்டில் 'இம்ப்ளான்ட் உள்ளவர், சி.டி.30 பார்க்கவும்' என்று எழுத வேண்டும். சி.டி.30 என்பது இந்த லிம்ஃபோமா செல்களைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். அந்த வரி இல்லாவிட்டால் லேபில் இருப்பவர் அந்தச் சாயத்தைப் போட மாட்டார், போட அவருக்குக் காரணமும் இல்லை. நோயாளியோ கூடப் போகிறவரோ இதை வாய்விட்டுக் கேட்கலாம். 'டாக்டர், சி.டி.30க்கு அனுப்புறீங்களா?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நான்காவது வகையினர்தான் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். ஓயாத அசதி, மூட்டுவலி, ஞாபக மந்தம், முடி உதிர்தல், தோல் தடிப்பு. இம்ப்ளான்ட் வைத்த பிறகு இதெல்லாம் வந்ததாகச் சொல்கிற பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இதற்கென்று ஒரு தனிப் பரிசோதனை கிடையாது. 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்புவதும் தப்பு, 'எல்லாமே சிலிகான்தான்' என்று உடனே கத்தியைக் கையில் எடுப்பதும் தப்பு. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, பி12, சர்க்கரை பார்த்துவிட வேண்டும். மூட்டு வீங்கினால், வாத நோய்களுக்கான ரத்தப் பரிசோதனைகளான ஏ.என்.ஏ.வும் ருமட்டாய்டு ஃபேக்டரும். நம் ஊர்ப் பெண்களிடம் ரத்தசோகையும் தைராய்டும் எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. மாத்திரையில் தீருவதற்கு ஆபரேஷன் எதற்கு? இதெல்லாம் சரியாக இருந்தும் தொந்தரவு நீடித்தால், எடுத்த பிறகு பலருக்கு நிம்மதி கிடைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டாயம் சரியாகிவிடும் என்ற உத்தரவாதத்தை மட்டும் யாரும் தர முடியாது. ரத்தத்தில் சிலிகான் அளவு பார்க்கிறோம் என்று காசு கேட்கிறவர்களையும், 'சிலிகானை வெளியேற்றும்' பொடி, கஷாயம் விற்கிறவர்களையும் தள்ளி வையுங்கள். நோயைச் சொல்லும்படியான நம்பகமான ரத்தப் பரிசோதனை அப்படி ஒன்று இல்லை.

ஆபரேஷனில் பெரிய சர்ச்சை உறையைப் பற்றியது. பையும் உறையும் பிரியாமல் ஒரே உருண்டையாக எடுத்தால்தான் குணமாகும் என்று சமூக ஊடகங்களில் அடித்துச் சொல்கிறார்கள். லிம்ஃபோமா உறுதியானவர்களுக்கு அப்படி எடுப்பது அவசியம். மற்றவர்களுக்கு அப்படியல்ல. பையைத் தசைக்குக் கீழே வைத்திருந்தால் உறையின் பின்சுவர் விலா எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும்போது நுரையீரலின் மேலுறையில் ஓட்டை விழலாம், ரத்தக்கசிவும் கூடும். அசதி, மூட்டுவலிக்காக எடுத்தவர்களில் உறையை முழுசாக எடுத்தவர்களுக்கும் பாதி எடுத்தவர்களுக்கும் முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வு சொல்கிறது. உறை தடித்தோ சுண்ணாம்பு பிடித்தோ இருந்தால், ஜெல் கசிந்திருந்தால் முழுசாக எடுப்பார்கள். மெல்லிசாக இருந்தால் ஓரளவு விடலாம். எது எடுத்தாலும் அது பயாப்சிக்குப் போக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விக்கு விடை வாங்குங்கள்: உறையில் எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள், என்ன காரணத்துக்காக, எந்த லேபுக்கு அனுப்புகிறீர்கள்.

முழு மயக்கத்தில் 1 முதல் 3 மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மார்பின் கீழ் மடிப்பில் உள்ள பழைய தழும்பிலேயே திறப்பார்கள். புகைப்பவர்கள் 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாலூட்டுகிறவர்கள் அவசரம் இல்லையென்றால் பால் வற்றி சில மாதம் ஆகும்வரை பொறுக்கலாம்.

பலர் டிரெயின் குழாயோடுதான் வீட்டுக்குப் போவார்கள். கையடக்க ரப்பர் பல்ப். அமுக்கி மூடியை மூடினால்தான் அது உறிஞ்சும். உப்பலாக இருந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தினமும் ஒரே நேரத்தில் அளவு குவளையில் ஊற்றி, மில்லி கணக்கில் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். இரண்டு பக்கமும் குழாய் இருந்தால் இடது, வலது என்று தனித்தனியாக. முதலில் சிவப்பாக வருவது போகப்போக வெளிறி இளமஞ்சளாகும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். வெளிறிய நீர் மறுபடி கருஞ்சிவப்பானாலோ, ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் அப்படித்தான்.

வீட்டு வேலையில்தான் தையல் பிரிகிறது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கிரைண்டர் கல், இடுப்பில் குழந்தை, இவை 4 முதல் 6 வாரத்துக்குக் கூடாது. முதல் இரண்டு வாரம் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம்; பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதும் மாடிக் கொடியில் துணி போடுவதும் அதில் சேர்த்தி. முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட், நைட்டி வசதி. தோள் மூட்டு பிடித்துக்கொள்ளாமல் இருக்க, சொல்லித் தந்த லேசான பயிற்சியை மட்டும் செய்யலாம். கட்டைப் பிரித்ததும் தெரிகிற மார்பைப் பார்த்துப் பலர் உடைந்துவிடுகிறார்கள். குழிந்து, தோல் சுருங்கித் தொங்கி இருக்கும். அது கடைசி வடிவம் அல்ல, 3 முதல் 6 மாதம் போக வேண்டும். தூக்கித் தைப்பதையும் கொழுப்பு ஏற்றுவதையும் அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். உறையை எடுத்த கையோடு மார்பைத் தூக்கித் தைத்தால், மார்புத் திசு மெலிந்தவர்களுக்குக் காம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து தோல் கறுத்துப்போகும் ஆபத்து உண்டு. ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற ஆசைக்கு இந்த விலையும் இருக்கிறது.

இன்னொன்று. இங்கே சொன்னதெல்லாம் பைக்கு உரியது. மருத்துவர் அல்லாதவர்கள் ஊசி மூலம் ஏற்றிய திரவ சிலிகான் திசுக்களோடு கலந்துவிடும். அதைப் பை போல உருவி எடுக்க முடியாது. திருநங்கையரில் சிலர் இந்தக் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அவர்கள் டாக்டரிடம் முதல் வார்த்தையாகவே 'ஊசி போட்டது' என்று சொல்லிவிட வேண்டும். ஸ்கேனைப் படிப்பதும் சிகிச்சையும் அதை வைத்துத்தான்.

இனி செலவு. மெடிக்ளைம் பாலிசி இருக்கிறவர்களில் பலர் 'காஸ்மெட்டிக், கிளெய்ம் வராது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிப்பதே இல்லை. பாலிசிகளில் உள்ள பொது விலக்குகளில் எட்டாவது, அழகு சிகிச்சை பற்றியது. அதை முழுசாகப் படித்தால், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் பொருந்தாது. அப்படி ஆபத்து என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று தர வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் அந்தச் சான்றின் வாசகத்தில் இருக்கிறது. 'நோயாளியின் விருப்பத்தின் பேரில் அகற்றம்' என்று எழுதினால் கிளெய்ம் அங்கேயே முடிந்தது. 'இடது பக்கம் உறைக்குள் கிழிதல், எம்.ஆர்.ஐ.யில் உறுதி, பேக்கர் நான்காம் நிலை, வலி, அகற்றாவிட்டால் கசிவு பரவும்' என்று உள்ளதை உள்ளபடி, தேதியோடு எழுத வேண்டும். ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் மார்பக இம்ப்ளான்ட்டின் இயந்திரக் கோளாறுக்கு T85.4 இருக்கிறது, கிருமி பிடித்திருந்தால் T85.7. இதைப் போடாமல் அழகு சிகிச்சைத் தலைப்பில் பில் வந்தால், மறுப்பவர்களுக்கு அந்த பில்லே சாட்சியாகிவிடும்.

எடுப்பதற்கும், தூக்கித் தைப்பதற்கும், புதுப் பை வைப்பதற்கும் மதிப்பீட்டைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாகக் கலந்தால் மொத்தமும் நிராகரிக்கப்படும். மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இதே சான்றோடு கேட்க வேண்டும். சீட்டு பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.க்கு, கட்டியோ நீர்கோப்போ இருந்தால் புற்றுநோய் அறுவைப் பிரிவுக்கு.

அரசு இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு பி.ஐ.பி. விவகாரத்தை நினைவூட்டலாம். மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைத் தர சிலிகானை நிரப்பி விற்ற பிரெஞ்சுக் கம்பெனி அது. 2010 மார்ச்சில் பிடிபட்டது, உரிமையாளர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார். 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு சுமார் 30,000 பெண்களுக்கு எடுத்துவிடும்படி சொன்னதோடு, எடுக்கும் செலவையும் ஏற்றது. புதிதாக வைக்கும் செலவைப் புற்றுநோய்க்குப் பிறகு வைத்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. 2012 ஜனவரியில் இங்கிலாந்தும், வைத்த தனியார் கிளினிக் கைவிரித்தால் அரசு மருத்துவமனையில் எடுத்துத் தருவோம் என்றது. அழகுக்காக வைத்தவர்களா என்று பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை. எடுப்பதும் புதிதாக வைப்பதும் வேறு என்று பிரித்த அந்தக் கணக்கு நியாயமானது, நமக்கும் ஒத்துவரும்.

ஆகவே சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது பெரிய பட்ஜெட் அல்ல. பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளில் வாரத்தில் அரை நாள் இதற்கென்று ஓ.பி. எங்கே வைத்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற உத்தரவு சீட்டு எழுதுமிடம் வரை போக வேண்டும். அரசு மருத்துவமனையில் வைக்கப்படும் ஒவ்வொரு பைக்கும் லாட் எண்ணோடு பதிவேடு. 3 ஆண்டில் அழிக்காமல், பை உள்ளே இருக்கும் வரை அது இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஸ்கேனுக்கு வரச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி. தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் அப்படி அனுப்பத் தெரிந்த துறைதான் இது. நீரை உறிஞ்சினால் எந்த லேபுக்கு, எந்த பாட்டிலில் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை.

பெண்கள் தரப்பில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பை கிழிந்தாலோ, நீர் கோத்தாலோ, எடுக்க நேர்ந்தாலோ அதைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015இலிருந்து நடத்தும் மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியே சொல்லலாம். லாட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் சர்ஜரி, மார்பகச் சிகிச்சைப் பிரிவு செவிலியர்கள் சிலர்,
சென்னை